ராஜாமணியின் பங்கு

ஒரு மூடி பினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் தண்ணீர் பாலாகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் சாலம்மாளுக்கு இது அலுக்கவில்லை. பழுப்புச் சொட்டு தண்ணீரைத் தொட்டதும் வெள்ளையாகச் சுருண்டு இறங்கும், பிறகு மெல்ல வாளி முழுக்கப் பரவும். கூரையில்லாத அந்தக் குளியலறையில் நின்று அண்ணாந்தால் பாலக்கோட்டு வானம் ஒரு போர்வை அளவுக்குத் தெரியும். அதில் போகிற மேகம் ஒன்றுதான் தவறி வாளிக்குள் விழுந்து கரைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். நினைத்தபடியே நின்றும் விடுவாள். உள்ளே அத்தை குள்ளம்மாள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால்தான் சுரணை வந்து விளக்குமாற்றைக் கையில் எடுப்பாள்.

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து தீர்த்தகிரிக்கு வாக்கப்பட்டு அவள் இந்த வாடகை வீட்டுக்கு வந்தது எண்பத்து நாலாம் வருஷம். தீர்த்தகிரிக்குத் தக்காளி மண்டியில் வேலை. விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பக்கத்து வீட்டில் இருக்கும் ஹயாத் பாஷாதான் வீட்டுக்காரர். கொல்லையில் குளியலறையும் கக்கூஸுமாக இரண்டு அறை கட்டி விட்டிருந்தார். கக்கூஸுக்குள் வெள்ளைப் பீங்கான், கால் வைக்க இரண்டு மேடு, மேலே காற்றுக்கு ஒரு ஜன்னல். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

ஊரில் அவள் விடிவதற்கு முன்னால் வேலிக்காட்டுக்குப் போனவள். எங்காவது ஓர் ஆண் இருமினாலும் பாதியில் எழுந்து நிற்க வேண்டும். பகலில் வயிற்றைக் கட்டிக்கொள்வதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவள். இங்கே வந்த முதல் வாரம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகும் சும்மாவே நின்றிருந்தாள். யாரும் வர முடியாது என்பதே அவ்வளவு சுகமாக இருந்தது. புதுப்பெண் புருஷனுக்கு முன்னால் தாழ்ப்பாளின்மேல்தான் ஆசை வைத்தாள் என்றால் தீர்த்தகிரி கோபித்துக்கொள்வான். ஆனால் உண்மை அதுதான்.

செவ்வாயும் சனியும் துப்புரவுக்காரி ராஜாமணி சந்து வழியாக வந்து கக்கூஸைக் கழுவிவிட்டுப் போவாள். குள்ளம்மாள் ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டில் களி போட்டுக் கொல்லை மதில்மேல் வைப்பாள். ராஜாமணி நின்றபடியே தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். ஒரு முறை அவள் காய்ச்சலில் படுத்து இரண்டு வாரம் வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த சாலம்மாள், நானே கழுவிவிடட்டுமா என்று கேட்டுவிட்டாள்.

"கக்கூஸு கழுவுன கையி களிப்பானையத் தொட்டா, அந்தக் களி எனக்குத் தொண்டையில எறங்காது" என்றாள் குள்ளம்மாள். அதோடு கதவுக்கு ஒரு பூட்டையும் போட்டுவிட்டாள். அந்த இரண்டு வாரமும் மாமியாரும் மருமகளும் இருட்டோடு இருட்டாக ஏரிக்கரை முள்ளுக்குள் போய்வந்தார்கள்.

குள்ளம்மாள் சொன்னால் சொன்னதுதான். அதியமான்கோட்டையில் மூத்த மகன் வீட்டில் ஏதோ சுத்தம் போதவில்லையென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவள், மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. மூத்த மருமகள் அழுது பார்த்தாள், காலில் விழுந்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அதனால்தான் ஆடி மாதத்தில் ராஜாமணி வந்து, "மக ஒசூர்ல புள்ள பெத்துருக்குதுங்க, நான் அங்கயே போறனுங்க. பெரிம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றபோது சாலம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் பூட்டு வரும், பூட்டுக்குப் பின்னால் முள்ளுக்காடு வரும்.

அத்தைக்குத் தெரியாமல் தானே கழுவிவிடுவது என்று முடிவு செய்தவளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தது பாஷாவின் மனைவி அஸ்கரி பேகம். வாசல் தாண்டாத அந்தப் பாயம்மா தன் வீட்டுக் கக்கூஸைத் தானே தேய்ப்பவள். இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறி, தலையை மட்டும் காட்டிச் சொன்னாள். பிளீச்சிங் பவுடரைத் தூவி அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். மூலைக்குச் செங்கல் பொடி. ஆசிட்டையும் பவுடரையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது, நெஞ்சை அடைத்துவிடும். இந்த விளக்குமாறும் இந்தச் சொம்பும் வேறெங்கும் போகக் கூடாது. கழுவியபின் கதவைத் திறந்து போட்டுத் தரையைக் காயவிட வேண்டும், பிறகு கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவ வேண்டும். சாலம்மாள் பாடம்போலக் கேட்டுக்கொண்டாள். அத்தை மதியம் கண்ணயர்கிற ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவாள். எழுந்து வந்து பார்க்கிற குள்ளம்மாள், "ராஜாமணி இப்பத்தான் ஒழுங்கா கழுவறா" என்பாள்.

தட்டைத்தான் சாலம்மாள் யோசிக்காமல் விட்டுவிட்டாள். செவ்வாயும் சனியும் தவறாமல் மதில்மேல் களி வந்து உட்கார்ந்தது. கொட்ட மனம் வரவில்லை, விட்டுவைத்தால் குட்டு உடைந்துவிடும். முதல் நாள் மதிலோரம் நின்று அவளே தின்றாள். பானையின் அடியில் சுரண்டிய தீய்ந்த களி, மேலே ஆறிப்போன புளிச்சாறு. இதே களியை இத்தனை நாள் ராஜாமணி நின்றபடி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தட்டைக் கழுவி, ராஜாமணி வைப்பதுபோலவே கவிழ்த்துவைத்தாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அத்தையின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குள்ளம்மாள் சட்டென்று அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"கையி என்ன இப்புடி உப்புத்தாளாட்டம் இருக்குது?"

"சாம்பலுங்க அத்த. பாத்திரம் தேய்க்கறதுல்ல."

குள்ளம்மாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை தட்டில் இருந்தது அடிக்களி இல்லை, முழு உருண்டை. பிறகு நிலக்கடலைத் துவையல் சேர்ந்தது. கார்த்திகையில் களி சூடாகவே வந்தது. நடுவில் குழி பறித்து அதில் கீரைக் கடைசல் இருந்தது. சாலம்மாள் ருசித்துத்தான் தின்றாள், ஆனால் ஏன் என்று யோசிக்கப் பயந்தாள். ராஜாமணிக்கு ஒரு நாளாவது இப்படிக் கிடைத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, உறை மோர் வாங்க அத்தை பக்கத்து வீட்டுக்குப் போனாள். சாலம்மாள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அஸ்கரி பேகத்தின் குரல் கள்ளமில்லாமல் கேட்டது. ராஜாமணி ஒசூர் போய் அஞ்சு மாசமாவுது, உங்க மருமவ கையி தங்கமுங்க, என்னைவிட நல்லாக் கழுவுது. அலசிக்கொண்டிருந்த துணி நழுவி வாளிக்குள் போயிற்று.

குள்ளம்மாள் மோரோடு வந்தாள். மோரை அடுப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மதியம் சாலம்மாள் களி கிண்டி, அத்தையின் வெண்கலக் கும்பாவை எடுத்து வைத்துக் கூப்பிட்டாள்.

"இப்ப வேண்டாம்" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் குள்ளம்மாள்.

அழுதாலும் காலில் விழுந்தாலும் தீராத மூத்தவளின் கதை இனி தன் கதை என்று சாலம்மாளுக்குத் தோன்றியது. அஞ்சு மாதமாக இந்தக் கையால் தின்றதை எல்லாம் நினைத்து அத்தை உள்ளுக்குள் குமட்டிக்கொண்டிருப்பாளோ? நாளைக்குக் கதவில் பூட்டு தொங்கும், தன்னை ஏரியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாலும் ஆச்சரியமில்லை. களிப்பானையை மூடிவைத்தாள். பிறகு, சனிக்கிழமை ஆயிற்றே என்று விளக்குமாற்றை எடுத்தாள். இந்த முறை பூனை நடை நடக்கவில்லை. வாளி மோதி எழுப்பிய சத்தத்தையும் அடக்கவில்லை.

கடைசித் தடவை என்று நினைத்தே தேய்த்தாள். மூலை, கதவின் அடிப்பலகை, தாழ்ப்பாளின் துரு, ஒன்றையும் விடவில்லை. கண்ணீரைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லாததால் அதை அதன் போக்கில் விட்டுவிட்டாள். பினாயிலை ஊற்றினாள். அது எப்போதும்போல மேகமாகி இறங்கியது. பார்த்துக்கொண்டு நின்றபோது, இவ்வளவு அழுகையிலும் அது அழகாகத்தான் இருந்தது. ஜன்னல் வெயில் ஈரப் பீங்கானில் விழுந்து சுவரெல்லாம் ஆடியது. எங்கோ தண்ணீருக்கு அடியில் தனியாக இருப்பதுபோலவும், அங்கே யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள் என்பதுபோலவும் இருந்தது. தரையை வழித்துவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, கதவைக் காயத் திறந்துபோட்டு வெளியே வந்தாள்.

மதில்மேல் நசுங்கிய தட்டு இல்லை. அவள் கல்யாணத்துக்கு அப்பன் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் தட்டு இருந்தது. விளிம்பில் 'சாலம்மாள்' என்று பெயர் வெட்டியிருந்தது. என் தட்டு வெளியே வந்துவிட்டது, நானும் இனி வெளியேதான் என்று நினைத்தாள். மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் தட்டில் ஆவி பறப்பது கண்ணில் பட்டது. இரண்டு உருண்டை களி, கீரை, ஓரத்தில் துவையல். தட்டை ஒட்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய். அதற்கும் அந்தப் பக்கம் அத்தையின் வெண்கலக் கும்பா கழுவிய ஈரத்தோடு காலியாக நிமிர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து குள்ளம்மாளின் குரல் வந்தது.

"நீ கழுவி முடிக்கட்டும்னுதான் இருந்தன். மொதல்ல எனக்குக் களி போடு புள்ள, பசிக்குது. அந்த எண்ணெய அப்புறமா கைக்குத் தடவிக்கலாம்."

சாலம்மாள் கும்பாவை இரண்டு கையாலும் எடுத்தாள். அதன் அடியில் கழுவிய தண்ணீர் கொஞ்சம் தங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு துண்டு மேகம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.