வீட்டு அரிசி

பெங் கடையில் எங்களுக்கு இருந்த கடன் நானூற்றுப் பதினாறு யுவான். அத்தனையும் அரிசிக் கடன். நெல் விளைகிற ஊரில் அரிசிக்குக் கடன்பட்டவன் என்று பெங் என்னைக் கேலி செய்யாத நாளில்லை. "ஏங்கிழவா, ஒம் பேத்தி அரண்மனையிலயா பொறந்தா? வடக்குச் சீமை அரிசிதான் எறங்குமோ?" என்பான். சொல்லிக்கொண்டே சிவப்புப் பை ஒன்றை எடுத்து என் தோளில் வைப்பான்.

அந்த அரிசி பேத்தி தோதோவுக்கு மட்டும்தான். மகள் தெற்கே ஒரு நகரத்தில் செருப்பு ஆலையில் வேலை செய்துகொண்டு, பிள்ளையை எங்களிடம் விட்டிருந்தாள். நானும் என் மனைவி யூலியெனும் எங்கள் வயலில் விளைந்ததைத்தான் தின்றோம். ஆற்றின் மேல்பக்கம் துத்தநாக உருக்காலை இருக்கிறது. அதன் கழிவு ஆற்றில், ஆறு வாய்க்காலில், வாய்க்கால் வயலில். நெல்லில் காட்மியம் என்ற விஷம் ஏறியிருப்பதால் விற்கக் கூடாது என்று ஊர் அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். நான் ஐம்பதை நெருங்கும்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை படித்தேன். விற்கக் கூடாது என்றுதான் இருந்தது. தின்பதைப் பற்றி ஒன்றுமில்லை. வேறு சோறு யார் தருவார்கள் என்றும் இல்லை.

யூலியெனுக்கு முதலில் இடுப்பில் வலி வந்தது. களையெடுத்த வலி என்று நினைத்தோம். பிறகு ஒரு காலையில் தும்மினாள், விலா எலும்பு முறிந்தது. "தும்மினதுக்கே முறிஞ்சா, சிரிச்சா என்னாகும்? இனிமே ஒம் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன் போ" என்றாள். சொல்லும்போதே வலியில் உதட்டைக் கடித்தாள். எலும்பும் சிறுநீரகமும் போய்விட்டன, காலம் முழுக்க மருந்து வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். நான் மணல் சுமந்து அதை வாங்க முடியாது. ஆலை கொடுத்தால்தான் உண்டு.

வென் என்ற வக்கீல் பெண் காசு வாங்காமல் வழக்கை எடுத்துக்கொண்டாள். "தங்களால வரலன்னு ஆலைக்காரங்கதான் நிரூபிக்கணும், பெரியம்மா. நாம காட்ட வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த வெஷம் ஒங்க வாய் வரைக்கும் வந்துச்சுன்னு. நல்ல மண்ணு, நல்ல தண்ணி, நல்ல சோறு, எல்லாம் ஒங்க உரிமை."

"அதிகாரமா? நமக்கா?" என்று யூலியென் என்னைப் பார்த்தாள்.

எங்கள் பேச்சில் உரிமைக்கும் அதிகாரத்துக்கும் ஒரே ஒலி. எழுதினால்தான் வேறுபடும். நான் தேநீரில் விரலைத் தொட்டு மேசையில் எழுதிக் காட்டினேன். அதிகாரம் 'பலம்' என்ற எழுத்தில் முடிகிறது. உரிமை முடிகிற எழுத்தோ படம் மாதிரி: ஒரு நெற்கதிர், பக்கத்தில் ஒரு கத்தி.

"கதிரு நம்முது. கத்தி யாருது?" என்றாள். வக்கீல் சிரித்தாள். பதில் சொல்வதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது.

அறுவடை முடிந்ததும் நீதிமன்றம் ஆட்களை அனுப்பியது. மண் எடுக்க வந்தவர்களை நான் வயலுக்கு அழைத்துப் போனேன். அவர்களில் ஒரு பெண் மட்டும் யூலியெனோடு வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது அந்தப் பெண் இஞ்சியும் எள்ளும் வறுத்த பயறும் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அரக்கு வைத்த பொட்டலம். முத்திரைமேல் யூலியெனின் சிவப்புக் கைநாட்டு. அவள் முகத்தில், விருந்தை நன்றாகச் செய்துவிட்ட திருப்தி.

விசாரணை நாளில் ஆலையின் வக்கீல் சோதனை அறிக்கையைப் படித்தார். மண்ணில் விஷம் உண்டு. ஆனால் அரிசி சுத்தம், குழந்தைக்கே கொடுக்கலாம். ஆகவே விஷம் வாய்க்கு வரவில்லை.

வெளியே படிக்கட்டில் வென் யூலியென் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியம்மா, அவங்க என்ன கேட்டாங்க?"

"வீட்டு அரிசி கொஞ்சம் குடுங்கன்னாங்க."

"நீங்க எதக் குடுத்தீங்க?"

"செவப்புப் பையில இருந்து அள்ளினேன்."

"அது வடக்கு அரிசி! ஒங்க வயல்ல வெளஞ்சதக் குடுத்திருக்கணும்!"

"என்னம்மா பேசுற? வீட்டுக்கு வந்த பொண்ணு கையில வெஷத்தையா அள்ளிப் போடுவேன்? எனக்கும் மானம் இருக்குல்ல?"

வென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் யூலியெனைத் திட்டவில்லை. நான் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தப் பையைத்தான் பிரித்திருப்பேன்.

குதிரில் கிடந்த எங்கள் அரிசியை எடுத்துப் போகச் சொல்லி மனுப் போட்டாள் வென். எந்த வயலில் விளைந்தது என்று உறுதியில்லை என்றார்கள் நீதிமன்றத்தில். அப்படியென்றால் அடுத்த அறுவடையில், அவர்கள் கண்ணெதிரே வயலிலேயே அறுத்து மூட்டை கட்டலாம் என்றாள். நாற்று விடும் பருவத்தில் அரசாங்க ஆட்கள் வந்து எங்கள் வயலில் மஞ்சள் பலகை நட்டார்கள். மண் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பயிரிடத் தடை, விஷம் நீக்கி நிலம் மீட்கப்படுகிறது. வரப்பெல்லாம் வேலி. உள்ளே முழங்கால் உயர மரக்கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொம்பு.

நான் பலகையைப் படித்துச் சொன்னதும் யூலியென் படுத்தபடியே கேட்டாள். "மண்ணுக்கு வைத்தியம் பாக்குறாங்களா? நல்லது. அதுக்காவது ஆஸ்பத்திரிச் செலவு கெடைச்சுதே."

மேல்முறையீடும் தள்ளுபடியானது. குதிரில் இருந்த அரிசியைத் தின்றபடியே அந்த வருஷத்தைக் கழித்தோம். குளிர்காலத்தில் அவளைப் புரட்டிப் படுக்கவைக்கக்கூடப் பயமாக இருந்தது, எங்கே தொட்டால் எது முறியுமோ என்று. வருஷப் பிறப்புக்கு முன்னால் போய்விட்டாள்.

மகள் வந்து சேர்ந்த அன்று பெங் கடையை மூடிவிட்டு வந்தான். திறந்திருந்த சவப்பெட்டியின் முன் குனிந்து எழுந்து, துக்கப் பணம் வைக்கிற வெள்ளை உறையை என் கையில் வைத்தான். உள்ளே நானூற்றுப் பதினாறு யுவானுக்கு நான் கையெழுத்துப் போட்ட கடன் சீட்டு, இரண்டாகக் கிழித்தது. கூடவே ஒரு யுவான் நாணயம்.

"சாவு வீட்டுல ரெட்டப்படையா வைக்கக் கூடாதில்ல, கிழவா" என்றான்.

செத்தவர் தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு வைக்க வேண்டும். மகள் அளவுக் கோப்பையோடு குதிருக்கும் சிவப்புப் பைக்கும் நடுவில் நின்றாள்.

"எந்த அரிசிப்பா?"

நான் சிவப்புப் பையைக் காட்டினேன். அவள் கோப்பை நிரம்பி வழிய அள்ளினாள். வெந்ததும் கிண்ணத்தில் கோபுரமாகக் குவித்து, உச்சியில் சாப்பிடுகிற குச்சிகள் இரண்டையும் நேராகக் குத்தி நிறுத்தினாள். யாரும் தொடாத அந்தச் சோற்றிலிருந்து ஆவி எழுந்து, யூலியெனின் மூடிய வாய்க்கு மேலே போய்க்கொண்டிருந்தது.