இளைப்பு நின்ற நேரம்

பேக்கரிக்காரருக்கு மாவு சலித்தாலே இளைப்பு வரும். கேட்டால் "தூசிதான், வேறொண்ணுமில்ல" என்பார். தினமும் இழுக்க வேண்டிய மருந்தை, உடம்பு தேவலை என்று தானாகவே நிறுத்திவிட்டார். அவசரத்துக்கான இன்ஹேலர் மட்டும் சட்டைப்பையில் கிடக்கும். அதில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரே வழிதான்: காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதுபோல் ஆட்டுவார், காற்றில் ஒருமுறை அடிப்பார். புஸ்ஸென்று வந்தால் போதும். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை!

அன்று காலை கல்லாவில் நின்ற மனைவிக்கு உள்ளறையிலிருந்து அவருடைய இளைப்பு கேட்டது. வழக்கத்தைவிட மோசமாக இருந்தது.

"என்னங்க, பம்பு அடிச்சீங்களா?"

"அடிச்சேன்... அடிச்சேன்..."

மறுபடி புஸ். மறுபடியும். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்து, நின்றே போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. காத்திருந்தவர்களுக்கு ரொட்டி வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். வாய் சும்மா இருக்குமா?

"முகத்துல துணி கட்டுங்கன்னா கேக்குறீங்களா? கௌரவம் குறைஞ்சிடுமாக்கும்!"

பதில் வரவில்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற மனுஷன், திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. கத்தியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மாவு மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"ஏதாவது பேசுங்க!"

வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

வாசலில் வேனில் ரொட்டித் தட்டு ஏற்றிக்கொண்டிருந்த அவள் தம்பி, தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். இருவரும் தாங்கிப் பிடித்து அவரை வேனில் ஏற்றினார்கள்.

"அக்கா, மாமாவைப் படுக்க வை!"

"படுக்க மாட்டேங்கறாருடா, தள்ளிவிடுறாரு. நீ வண்டியை எடு!"

ஆஸ்பத்திரியில் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஆக்சிஜன், மருந்துப் புகை வரும் மாஸ்க், ஊசி என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன.

"இளைப்பு நின்னுடுச்சேன்னு நான் நிம்மதியா இருந்தேனே டாக்டர்..."

"காத்து போய் வந்தாத்தாம்மா சத்தம் வரும். அவருக்குப் போகவே இல்ல."

அவர் மூச்சுக்குத் தவித்த நேரத்தில் தான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தோம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

மாஸ்க்குக்குள் 'ஈ...' என்று மெல்லிய இழுப்புச் சத்தம் கிளம்பியது. அவள் பதறினாள்.

"பயப்படாதீங்க, இது நல்லது. காத்து போக ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. பிறகு இன்ஹேலரை வாங்கிப் பார்த்தார். "இது எப்பவோ காலி. மருந்து தீர்ந்தாலும் அதைத் தள்ளுற காத்து புஸ்ஸுன்னு வந்துகிட்டேதான் இருக்கும். எத்தனை தடவை அடிச்சோம்னுதான் கணக்கு வைக்கணும்."

மனைவியிடம் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, உதட்டில் நிறம் திரும்பிய பிறகு அவரிடமே சொன்னார்: "உங்களுக்கு ஆகாதது மாவுதான். இனிமே மாவு சலிக்கிற ரூம் பக்கமே போகக் கூடாது."

பேக்கரிக்காரர் மனைவியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப... நான்... என்ன பண்றது?"

திட்டுவதற்கு அவளிடம் எத்தனையோ இருந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு விடுங்க" என்றாள்.