வாயசைவு

அப்பா மூன்றாவது தடவையாக விழுந்தார்.

சண்முகப்பிரியா குளியலறையைத் தாழிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் செல்போன். படத்தின் மூலையில் நேற்றைய தேதி, மாலை மணி நாலு பன்னிரண்டு. தறிக் குடோனின் வெளிச்சுவர் மூலையில் மாட்டிய கேமராவில் பதிவானது. அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது.

கதவுக்கு வெளியே, கூடத்தில், அப்பா ஃபிரீசர் பெட்டிக்குள் இருந்தார். படியில் இறங்கும்போது நெஞ்சடைப்பு வந்து விழுந்துவிட்டார் என்று தம்பி மனோஜ்குமார் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். தெரிந்த டாக்டர் ஒருவர் அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார். காலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டியபோது தலையைத் தாங்கிப் பிடித்தவள் சண்முகப்பிரியா. நெஞ்சில் இரண்டு இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொன்றும் முஷ்டி அளவு. பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அதன் மேலும் தண்ணீர் ஊற்றினார்கள்.

"அம்மணி, உள்ள எத்தன நேரம்? ரெண்டு மணிக்கு எடுக்கோணும். சோலி கெடக்குது."

இறந்துபோன அம்மாவின் தம்பி, பொங்கியண்ணன் மாமா.

"வாரனுங்க மாமா."

படத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

அப்பா மாடிப்படியின் பாதியில் நிற்கிறார். அந்தப் படிக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் கைப்பிடி கிடையாது. மனோஜ் கீழிருந்து ஏறி வருகிறான். ஏதோ கேட்கிறான். அப்பா அறைகிறார். அவன் காதில் மாட்டியிருந்த கேட்கும் மிஷின் தெறித்துப் போகிறது. இன்னொரு அறை. மூன்றாவதாக ஓங்கிய கையை அவன் பிடித்துக்கொள்கிறான். அப்பா அவன் முகத்தில் துப்புகிறார். மனோஜ் நெஞ்சில் குத்துகிறான். மறுபடியும் குத்துகிறான். அப்பாவின் ஒரு கால் படியை விட்டு வெளியே போகிறது.

விழவில்லை. மனோஜ் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். எழுபத்து மூன்று வயது உடம்பு ஒற்றைக்காலில், அந்தரத்தில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு கையாலும் மகனின் மணிக்கட்டைப் பற்றியிருக்கிறது. முகம் கேமரா பக்கம் திரும்புகிறது. வாய் அசைகிறது. ஒரு சொல். திரும்பவும் அதே சொல்.

மனோஜ் கையை உதறி விரல்களை விரிக்கிறான்.

கீழே துவைக்கிற கல். அதன் பக்கத்தில் ஈரத் துணி வாளியோடு மனோஜின் மனைவி லோகப்பிரியா. நாலாவது தடவையும் வாளி அவள் கையிலிருந்து விழுந்தது.

சண்முகப்பிரியா அந்தச் சொல்லிலேயே படத்தை நிறுத்தினாள். உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்து குவிகின்றன.

புடிடா.

இல்லாவிட்டால், முடிடா.

ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். அப்பா என்றாலும் அம்மா என்றாலும் வாய் ஒன்றுதான். பல்லடத்துக்குத் தெற்கே பதினாறு தறி ஓடிய குடோனில் வளர்ந்தவளுக்கு இது தெரியும். தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. வாயைப் பார்த்துத்தான் பேச்சு. இழையைப் புடி என்று அப்பா சொல்ல, முடி என்று நினைத்து அவள் முடிச்சுப் போட்ட நாளெல்லாம் முதுகில் அடி விழுந்தது. தம்பிக்குக் காதோடு விழும். நாற்பத்தைந்து வயதில் அவனுக்கும் காது போனது தறியாலா அப்பா கையாலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு ஐம்பதிலேயே முழுதாகப் போய்விட்டது. அதற்கப்புறம் பேசும் படங்கள் அவருக்கு உதவவில்லை. ஒருத்தன் பேசும்போது இன்னொருத்தன் முதுகைக் காட்டுவார்கள். எரிச்சலில் டிவியை உடைத்தார். பிறகு கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சிடி கடையில் ஒரு மூட்டை ஊமைப்படங்கள் கிடைத்தன. எல்லாம் நூறு வயதான கறுப்புவெள்ளை. வெள்ளைக்காரர்கள் ஓடுவார்கள், அடித்துக்கொள்வார்கள், ரயிலிலிருந்து எறியப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. மத்தியானம் கறிச்சோறு முடிந்ததும் வீடே டிவி முன்னால் உட்கார வேண்டும். யாரும் பேசக்கூடாது. அவருக்குக் கேட்காது என்றாலும் பேசக்கூடாது. வாய் அசைந்தால் செருப்பு வரும்.

படம் பார்க்கும்போது மட்டும் அப்பா வேறு ஆள். ஒரு சண்டையைப் பத்து தடவை திருப்பிப் பார்ப்பார். "அடிக்கறவன உடு. அடி வாங்கறவனப் பாரு. மொதல்ல தோளு, அப்பறம் இடுப்பு, கடைசீலதான் தலை. உளுகறதுன்னா இப்படி உளுகோணும்" என்பார். அழுகிற பெண்ணின் முகத்தை அருகில் காட்டினால் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துகொள்வார். கண் கலங்கும். அம்மாவுக்கு ஒரு காதின் ஜவ்வு கிழிந்தது அந்த வருஷம்தான்.

சண்முகப்பிரியா கல்யாணமாகிப் பீளமேடு போன பின் அப்பாவோடு போனில் பேச வழியில்லை. நூல் திருட்டுக்காக மனோஜ் கேமரா வைத்தபோது அவள் தன் செல்லிலும் அதை ஏற்றிக்கொண்டாள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா கேமராவுக்கு அடியில் வந்து நிற்பார். அண்ணாந்து பேசுவார். சாப்ட்டியா கண்ணு. மாப்பிள்ளை சௌக்கியமா. இன்னைக்கு ஒரு படம் பாத்தேன், ஒருத்தன் மேல ஊடே இடிஞ்சு உளுகுது, அவன் எந்திரிச்சுப் போறான். பதில் சொல்ல அவளால் முடியாது. ஆறு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். இது மனோஜுக்குத் தெரியாது.

நேற்று அப்பா தோளில் விழவில்லை. நேராகத் தலை.

அவள் எழுந்து முகம் கழுவினாள். ரெண்டு மணிக்கு மேல் உடம்பு இருக்காது. அந்த இரண்டு நீலமும் இருக்காது. அப்பா புடிடா என்றிருந்தால், உயிர்ப்பிச்சை கேட்ட கிழவனைத் தம்பி கைவிட்டிருக்கிறான். அவள் போலீசுக்குப் போக வேண்டும். முடிடா, என்னை முடித்துவிடு என்றிருந்தால், அப்பா கேட்டதைத்தான் அவன் கொடுத்திருக்கிறான். அப்பா அப்படியும் கேட்கக்கூடிய மனுஷன்தான். தைரியமிருந்தா அடிடா என்று அவர் சொல்லாத நாளில்லை.

கூடத்தில் பெண்கள் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் ஆண்கள். பொங்கியண்ணன் மாமா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா நானும் மச்சாங்கூடப் படம் பாக்க உக்காந்தனுங்க. நடுவுல எம்பட சம்சாரம் போன் பண்ணிப்போட்டா. போன எடுத்து அலோன்னேன். அவ்வளவுதான். அந்த செல்லு பறந்து போயி மாட்டுத் தொட்டீல உளுந்துச்சு."

"நீங்க உளுகாம இருந்தீங்களே, அதச் சொல்லுங்க."

அடக்கிய சிரிப்பு.

மனோஜின் மகள் அக்ஷயா தூணோரம் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. இடது புருவத்தில் கட்டு. கேட்டவர்களுக்கெல்லாம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

பெட்டியின் தலைமாட்டில் மனோஜ் நின்றிருந்தான். காதில் மிஷின் இல்லை. சண்முகப்பிரியா எதிர்ப்பக்கம், கால்மாட்டில் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள். பார்த்தான். அவள் குரலில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"கேமராவுல பாத்தேன்."

அவன் முகம் மாறவில்லை. சுற்றிலும் அழுகை. அவன் உதடு அசைந்தது.

"அக்ஷயாவப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அவரு படத்துக்கு நடுவுல இவ டிவிய மாத்திப்போட்டா. நாடாவ எடுத்து வீசிட்டாரு. மூணு தையல்."

தறியில் ஓடும் நாடா கட்டையால் ஆனது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். இன்னும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தால் கண்.

"எங்களத் தொட்டீங்க, சரி. என்ற புள்ளயத் தொடாதீங்கன்னு கேக்கப் போனேன்."

"படீல அப்பா என்ன சொன்னாரு?"

அவன் சொன்னான். உதடு ஒட்டிப் பிரிந்தது. அதே வடிவம்.

அவள் தலையை ஆட்டினாள். புரியவில்லை.

"கொன்னுபோடுன்னாரு," என்றது அவன் வாய். "ரெண்டு தரம் சொன்னாரு. நானும் எத்தன வருசந்தான் கேப்பேன், அக்கா."

ஒரு கிழவி இருவருக்கும் நடுவே வந்து பெட்டி மேல் விழுந்து அழுதாள். சண்முகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு இறங்கியது. அப்படியானால் சரி. அப்பா கேட்டார். அவன் கொடுத்தான். அக்ஷயாவுக்கு அப்பன் வேண்டும். இந்தப் படத்தை அவள் அழித்துவிடலாம்.

ஒன்றரை மணிக்கு மாமா கோடி வேட்டி போர்த்தினார். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அரிசி எடுக்கச் சமையலறைக்குப் போனாள். லோகப்பிரியா அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பவானிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டின் வாய்ப்பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னமும் பிடிபடவில்லை.

"நங்கையா, கொஞ்சம் தண்ணி குடிங்க. காத்தால இருந்து ஒண்ணுமே குடிக்கல."

நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். சண்முகப்பிரியா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"லோகா, நீ கீழதான இருந்த?"

அவள் அடுப்புமேடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். அவன் சொல்லிட்டான். முடிச்சுடச் சொல்லி அப்பாவே கேட்டாராமா."

லோகப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது.

"உங்க தம்பி அப்படியா சொன்னாரு?"

"உனக்குக் கேட்டுச்சல்ல?"

"கேட்டுதுங்க. மாமனாரு கத்துனது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்குமுங்க. புடிடான்னாருங்க நங்கையா. 'புடிடா, மனோஜு, புடிடா'ன்னாரு."

சண்முகப்பிரியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ அவங்கிட்டச் சொல்லலியா?"

"சொன்னனுங்க. மிஷினும் போச்சு, கல்லுக்குப் பொறத்தால நசுங்கிக் கெடந்துது. மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னேன். 'புடிடான்னாரேங்க, புடிடான்னாரேங்க'ன்னு. அவரு என்ற வாயவே பாத்துட்டு, ஆமா, ஆமா, அதானன்னு தலையாட்டிப்போட்டாரு. கல்லு மாதிரி மனசுன்னு நெனச்சனுங்க. அந்தாளுகூட இனி எப்படிக் குடும்பம் பண்றதுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தேன்."

கூடத்திலிருந்து மாமா கூப்பிட்டார்.

"அரிசி எங்க அம்மணி? வண்டி வந்துருச்சு."

சண்முகப்பிரியா செல்போனை எடுத்தாள். முதல் தடவை எழுத்துத் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். அரிசித் தட்டை லோகப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் தலைமாட்டுக்குப் போய்த் தம்பியின் முகத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்தாள்.

அப்பா சொன்னது புடி.

அவன் படித்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படித்தான். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற மனைவியைப் பார்த்தான். லோகப்பிரியா தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள்.

மனோஜின் அறை சண்முகப்பிரியாவின் கன்னத்தில் விழுந்தது. ஒரு பக்கம் முழுதும் ஓசை நின்று போய்த் திரும்ப வந்தது. செல்போன் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து சறுக்கியது. இரண்டாவது அறையில் அவள் சுவரில் மோதினாள். அக்ஷயா வீறிட்டாள்.

"டேய்! எழவு ஊட்டுலயாடா? கூடப் பொறந்தவள!" மாமா ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டினார். மனோஜ் அவரை உதறினான். அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அது தன் கைதானா என்று பார்ப்பவன்போலப் பார்த்தான். பிறகு இறக்கினான். கண்ணாடி மேல் கிடந்த செல்போனை எடுத்தான்.

"எடுக்க வேண்டாங்க மாமா."

தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவனுக்குத் தெரியவில்லை. அழுகை மொத்தமும் நின்றது. வாசலில் ஆண்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏன்டா? என்னடா ஆச்சு?"

மனோஜ் மாமாவின் வாயைப் பார்க்கவில்லை.

"போலீசுக்குப் போன் பண்ணுங்க. படீல இருந்து நாந்தான் உட்டுட்டேன்."

மாமா சண்முகப்பிரியாவைப் பார்த்தார். அவள் சுவரோரம் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்திருந்தாள். லோகப்பிரியாவைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். வண்டி பின்பக்கமாகவே நகர்ந்து தெருவுக்கு இறங்கியது.

மனோஜ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கையில் செல்போன். திரை தானாக அணைந்தது. கட்டைவிரலால் தொட்டான், வெளிச்சத்தோடு அந்த எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. மறுபடி தொட்டான்.