மேட்டர்ஹார்ன் மேல் ஒரு தும்மல்

“மேட்டர்ஹார்ன் உச்சியில நின்னுண்டு ஒரே ஒரு தும்மல் போட்டேன். அந்தப் பக்கம் இத்தாலியில மூணு ஊருக்கு ஜலதோஷம்!”

அனந்தலக்ஷ்மி இப்படி அறிவித்ததும், ஃபிரிஸ்கோவில் கிட்டுசாமி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பளம்கூட நொறுங்குவதை நிறுத்திக்கொண்டது. கோயிலிலிருந்து நேரே மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கிட்டுசாமிக்குச் சிரிப்பில் புரையேறியது. அவர் மனைவி சாந்தி ரசக் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். சிரிக்காத ஒரே ஆள் அனந்தலக்ஷ்மியின் கணவர் பிச்சுமணி. அப்போது அவர் வயிற்றின்மேல் ஓர் அண்டாவை வைத்திருந்தால் கல்யாணத்துக்கே சாம்பார் கொதித்திருக்கும்.

எரியாமல் என்ன செய்யும்? மேட்டர்ஹார்ன் அவருடைய மலை. சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் பங்கு போட்டுக்கொண்டதெல்லாம் அப்புறம். தீபாவளிக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம் என்று வருஷா வருஷம் ஊர்ப் பெரியவர்களின் சீனியர்ஸ் கூட்டத்தில் படம் போட்டுப் பேசுவார். வடகிழக்கே ஹோர்ன்லி முகடு, தென்மேற்கே இத்தாலிக்காரர்கள் ஏறும் சிங்க முகடு, வடமேற்கே ஸ்முட், தென்கிழக்கே யாரும் லேசில் கை வைக்காத ஃபுர்கன். உச்சிக்கு உள்ள இந்த நான்கு வழிகளையும் சொந்த வீட்டு மாடிப்படி போல வர்ணிப்பார். கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் அந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான்கையும் ஒப்பிப்பார்கள்.

சற்று முன்புதான் அவர் கிட்டுசாமியிடம், “ஹோர்ன்லியில உச்சிக்குக் கிட்டக்க தடிக் கயிறு கட்டின இடம் ஒண்ணு இருக்கு. அங்கல்லாம் நம்மாத்து மாமிகள் ஏறினா கயிறே கண்ணீர் விடும்” என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். அந்த வாய்க்கு வந்த பதில்தான் அந்தத் தும்மல்.

“நெசமாவே ஏறுனீங்களா அம்மா?” என்றாள் சாந்தி.

“ஆகஸ்ட்ல ஸ்விஸ் போனோமே, அப்போதான். இவர் ஏறணும்னுதான் போனோம். கடைசியில ஏறினது நான்.”

நடந்தது இதுதான். மலை ஏறும் ஆசை வந்ததும் பிச்சுமணி பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில், செயற்கைப் பாறைச் சுவரில் ஏறிப் பழகும் ஒரு க்ளைம்பிங் ஜிம்மில் சேர்ந்தார். ஃப்ரீவே என்னும் அதிவேகச் சாலையில் அவர் வண்டி எடுக்கமாட்டார். அதனால் அனந்தலக்ஷ்மிதான் டிரைவர். புது ஷூ மாட்டிக்கொண்டு அவர் கீழே நின்று எல்லோருக்கும் உத்திகளை விளக்குவார். காரில் உட்கார்ந்து அலுத்துப்போன அனந்தலக்ஷ்மி, ஒரு நாள் உள்ளே வந்து சுவரில் கை வைத்தாள். முதலில் பல்லி மாதிரி ஏறினாள். கொஞ்ச நாளில் பல்லிகள் அவளிடம் டியூஷனுக்கு வர ஆரம்பித்தன. சமவெளி ஊரான ஃபிரிஸ்கோவில் மேடு ஏது? தோசைக்கல்லில் இதைவிட மேடுபள்ளம் உண்டு. அவள் சோனா மசூரி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மாடி மாடியாக இருக்கும் பார்க்கிங் கராஜின் படிகளில் ஏறி இறங்கினாள். செக்யூரிட்டிக்காரர், யாரோ அரிசி கடத்துகிறார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஏறி, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

மலையடிவார ஊரான செர்மாட்டில் வழிகாட்டி, உச்சிக்கு அழைத்துப்போகும் முன் இருவரையும் ஒரு சின்னப் பாறையில் சோதித்துப் பார்த்தான். ஏறும்போது பிச்சுமணி புலி. இறங்கும்போது பாறையைக் கட்டிக்கொண்டவர், சம்பந்திகளே வந்து சமாதானம் பேசினாலும் விடமாட்டார் போலிருந்தது. வழிகாட்டி அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவர் மனைவியைப் பார்த்து, “நீங்கள் வாருங்கள்” என்றான்.

அவள் ஏறிய அன்று அவர் கீழே தொலைநோக்கியில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். மேகம் உச்சியை மூடிவிட்டது. குளிரில் அவள் ஃபோன் செத்துப்போனதால் ஒரு படமும் இல்லை. வழிகாட்டி கை குலுக்கி, “உச்சி வரை போனார்கள்” என்று சொன்னதை, “மரியாதைக்குச் சொல்றான்” என்று தள்ளிவிட்டார் பிச்சுமணி. அன்றிலிருந்து வீட்டில் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான்.

“பாதி வழியில ஒரு குடில் இருக்கு, அதுவரைக்கும் போயிருப்பா” என்று இப்போதும் அதையே சொன்னார்.

சீனியர்ஸ் கூட்டத்தின் தலைவர் கிட்டுசாமிதான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “சார், இந்தப் பொங்கலுக்கு அம்மாவே பேசட்டுமுங்க. நீங்க ‘ஆமா, ஏறினாங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுமுங்க.”

அந்த ஒரு வார்த்தையில் மைக்கும் போய்விடும், மலையும் போய்விடும். பிச்சுமணி பரீட்சை நடத்த ஆரம்பித்தார்.

“உச்சிக்குக் கொஞ்சம் கீழ என்ன சிலை?”

“செயின்ட் பெர்னார்ட்.”

“அது என் ஸ்லைட்ல இருக்கு. கயிறு எவ்வளவு தடி?”

“என் மணிக்கட்டுக்கு இருக்கும்.”

“அதுவும் நான் சொன்னதுதான்!”

“ஏனுங்க சார், சரியாச் சொன்னா உங்க பாடம், தப்பாச் சொன்னா அவங்க பொய்யுங்களா?” என்றாள் சாந்தி.

பிச்சுமணி காதில் வாங்கவில்லை. “ஸ்விஸ் உச்சியில இரும்புச் சிலுவை இருக்கே, அதை எந்தக் கையால பிடிச்சிண்டே?”

இத்தனை நேரம் வெடித்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மி தட்டைப் பார்த்துக் குனிந்தாள். “விடுங்கோன்னா. மோர் விட்டுக்கோங்கோ.”

“பாத்தேளா, மாட்டிண்டா!”

“அங்க சிலுவையே கிடையாதே,” என்றாள் மெதுவாக. “முகடு அரிவாள்மணை மாதிரி ஒல்லியா நீண்டுண்டு போறது. அந்தக் கோடியில, இத்தாலி உச்சிப் பக்கம்தான் சிலுவை. போய்த் தொட்டுட்டு வரட்டுமான்னு வழிகாட்டிகிட்ட கேட்டேன். வேண்டாம், இறங்குன்னுட்டான்.”

“எத்தனை வருஷமா நான் சொல்லிண்டு வரேன், எனக்கே பாடமா?”

கிட்டுசாமி அதற்குள் டி.வி.யில் மலையின் படத்தைச் சுவர் அளவுக்குப் போட்டுவிட்டார். இந்தக் கோடியில் ஸ்விஸ் உச்சி, மொட்டையாக. அந்தக் கோடியில் சிலுவை.

சாந்தி கேட்டாள்: “அம்மா, தீபாவளிக்கு சார் இதைத் தப்பாச் சொன்னப்ப நீங்க முன் வரிசையில இருந்தீங்களே. அப்பவே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“ஒண்ணுமே சொல்லலைங்களே?”

“கை தட்டினேனே. அத்தனை பேர் முன்னாடி இவரைப் போய் எப்படி...”

பிச்சுமணிக்கு அந்தக் கைதட்டல் நினைவிருந்தது. மண்டபத்திலேயே பெரிய கைதட்டல் அதுதான். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசிப் பூரித்திருந்தார். மலையைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டதைத் தவிர அவள் ஒரு வரி படித்தவள் அல்ல. அவருக்கே தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிய வேண்டுமானால், அங்கே போய் நின்றிருந்தால்தான் உண்டு. மோரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அது நெருப்பாக இறங்கியது.

“சார், பொங்கலுக்கு யார் பேரைப் போடட்டுமுங்க?” என்று கேட்டார் கிட்டுசாமி.

“அவ பேரையே போடுங்கோ.” பிச்சுமணி மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார். “ஏறினா, கிட்டு சார். என்னைக் கீழ நிக்க வச்சுட்டு, உச்சி வரைக்கும் ஏறினா.”