தடிப் புத்தகம்

முதல் குத்திலேயே, துக்கம் கேட்க வந்த புத்தகக் கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி தெறித்து, கூடத்தில் கிடத்தியிருந்த உடலின் காலடியில் போய் விழுந்தது. இரண்டாவது குத்துக்கு அவர் சுவரோடு சரிந்தார்.

“பழைய செல்போன்லேருந்து தங்கம் பிரிக்கக் கத்துக்கணும், ஆரம்பத்துக்கு ஒரு புத்தகம் குடுங்கன்னுதானேய்யா எங்கண்ணன் கேட்டான்? எமனைப் பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கியே!” இறந்தவனின் தம்பி வெல்டர். அவன் பிடித்த காலர் கையோடு கிழிந்து வந்தது.

“ரெண்டு புத்தகமும் சேத்துத்தான் குடுத்தேன் தம்பி. தடிசை முதல்ல படி, அப்புறமா மெலிசைத் தொடுன்னு…”

“புளுகாதே!” அமிலம் பட்டு ஓரம் கருகிய மெலிந்த புத்தகத்தால் அவர் வாயில் அறைந்தான். உதடு கிழிந்தது. “வீட்ல கெடக்கறது இது ஒண்ணுதான்!”

இறந்தவனின் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் வாங்கிய அன்று கடையில் அவளும் கணவன் கூட நின்றவள்தான். “தடிசுல பாதி வரைக்கும் சன்னலைத் திற, வெட்டவெளிக்குப் போன்னே பாடுறான். தங்கத்தைக் கண்ணுல காட்டறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்” என்று அவன் சிரித்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை. இரண்டாக வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் போ என்றுவிட்டார்.

நேற்று மாலை, பழைய செல்போன் சர்க்யூட் பலகைகளை அமிலத்தில் போட்டுவிட்டுப் பின்னறையிலிருந்து இருமிக்கொண்டே வந்தான். செம்பழுப்புப் புகை கூடவே வந்தது. “ஒண்ணுமில்லடி, தொண்டைக் கமறல்” என்றான். விடிவதற்குள் வாயில் நுரை தள்ளி, மூச்சுக்காக அவள் கையைப் பிறாண்டிப் பிறாண்டி அடங்கினான். அந்தக் கீறல்கள் இன்னும் எரிந்தன.

கொழுந்தன் வாசலுக்குப் போய் இரும்புக் கம்பியோடு திரும்பினான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பின்னறைச் சன்னலின் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாள் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்துக்கு நெடி போகாதபடி அதைக் கணவன் எதைச் செருகி இறுக்கியிருந்தான் என்பதைக் காலையில் அவள் பார்த்திருந்தாள். காட்டினால், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவன் என்று ஊர் பேசும். பிணம் எடுக்கும் முன்பே பேசும்.

கடைக்காரர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள்.

ஓங்கிய கம்பிக்கும் அவருக்கும் நடுவில் தடிப் புத்தகத்தை நீட்டினாள். “இது சன்னல்ல இருந்துச்சு தம்பி. உங்கண்ணன்தான் செருகினாரு.”

அவன் அதை வாங்கித் தடவினான். சன்னல் சட்டம் அழுத்திய பள்ளம் அட்டையில் ஆழமாக இருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்காமலே இருந்தன. கம்பி தரையில் விழுந்து உருண்டது.

பின்னறையில் சன்னல் காற்றுக்குத் திறந்து திறந்து அடித்துக்கொண்டது. சாத்துவதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.