ஒரு முறம் தவிடு

“அத்தே, தவுடு எத்தினி படி வேணுங்க?”

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நான் திரும்பினேன். என் மருமகள் காவியா முறத்தோடு நின்றாள். எம்.எஸ்சி. படித்தவள். கல்யாணப் பத்திரிகையில் தவுட்டம்மாள் என்ற என் பெயரைத் தேவி என்று போட்டுக்கொள்ளலாமா என்று நயமாகக் கேட்டவளும் இவள்தான். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பென்னாகரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே மாடு மாதிரி கத்தும்.

“எதுக்கும்மா?”

“உங்களுக்குப் பண்ணாங்களே, அதுக்குத்தாங்க.”

எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் என்னைப் பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். அவ்வளவு மட்டமான சரக்கை எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

காவியாவுக்கு இரண்டு போய்விட்டன. மூன்றாவது பெண். தருமபுரி ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து நேற்றுத்தான் வீடு வந்தது. அது தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்க்கிறாள். நானும் அவள் பார்க்காதபோது வைத்துப் பார்க்கிறேன்.

“யாருகிட்டக் குடுக்கறது?”

“செல்லியக்காகிட்ட.”

எதிர்வீட்டுச் செல்லிக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். குழந்தை இல்லை. ஊரில் வேறு ஆளா கிடைக்கவில்லை என்று நினைத்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

“என்னையவா கேக்கறீங்க?” என்று செல்லி இரண்டு முறை கேட்டாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக் குழந்தையை வாங்கினாள். உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தாள். இனி அது அவள் பிள்ளை. பெற்றவள் வாசலில் அந்நியப் பெண்ணாக நின்று விலை கேட்கவேண்டும், அதுதான் முறை.

உள்ளே சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. காவியாவின் முறத்திலிருந்து தவிடு அவள் காலில் உதிர்ந்தது. கூப்பிடட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். செல்லி தர மாட்டேன் என்றால் என்ன செய்வோம் என்று பயந்துபோனேன்.

செல்லி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“எம் புள்ளைக்கு என்ன குடுப்பே?”

“ஒரு மொறம் தவுடுங்க்கா.”

“செரி, எடுத்துக்க. இனிமே உன்துதான்.”

குழந்தையைக் கொடுத்துவிட்டு மடியை விரித்துத் தவிட்டை வாங்கிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வருஷமாக என் பெயரில் அந்த மலிவான விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முனியம்மாளும் இப்படித்தானே என்னை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், இப்படித்தானே எழுந்து வந்திருப்பாள்! அவளுக்குப் பிள்ளை இருந்ததா என்றுகூட நான் யாரையும் கேட்டதில்லை.

தெருவைக் கடந்து நான் முன்னால் நடந்தேன்.

“தவுட்டம்மா… ஏ தவுட்டம்மா…”

அப்படி என்னை யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. “என்ன?” என்று திரும்பினேன். கூப்பிட்ட காவியா என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் குழந்தை கண் விழித்திருந்தது. அவளுக்குப் பின்னால், தன் வாசலில், மடியை இரண்டு கையாலும் ஏந்தியபடி செல்லி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.