நாற்பதில் நான்கு

அந்த ஏணித் தொழிற்சாலையின் சோதனைக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. மடக்கு ஏணியின் படித்தகட்டின் தடிமனை ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றேகாலாகக் குறைக்கலாமா என்ற கேள்வி வந்ததும், மெல்லிய தகட்டில் செய்த நாற்பது ஏணிகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் பூட்டி, படிகளை ஐம்பதாயிரம் முறை அழுத்தவிட்டாள். ஆறு வாரம் இடுப்பொடியும் வேலை. நான்கு ஏணிகளில், படியைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் ஓரமாக விரிசல் கண்டது. ஒன்றுக்கு மேல் விரிசல் விட்டால் அந்தத் தகடு வேண்டாம் என்பது முன்கூட்டியே எழுதிவைத்த விதி.

வடிவமைப்புத் தலைவர் அவளுடைய அக்காள் கணவர். “நீ நம்பர் சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிபவர். அதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு திங்கட்கிழமை, மெல்லிய தகட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று என்றார் கொள்முதல்காரர். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கொடுத்த கணக்கை வைத்து அத்தான் அனுப்பியிருந்த சோதனை அறிக்கையை வாங்கிப் பார்த்தாள். சோதித்தவை முப்பத்தாறு, விரிசல் இல்லை. கீழே அவள் பெயர்.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

“அத்தான், நாலு ஏணி எங்க போச்சு?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது மெஷின்ல சரியா பூட்டாதது. அதச் சேத்தா கணக்கே கெட்டுடும்.”

“பூட்டினது நான். நாப்பதையும் ஒரே அளவுக்கு முறுக்கி நோட்டுல எழுதி வச்சிருக்கேன். விரிசல் விட்டப்புறம்தானே அது சரியா பூட்டாததா ஆச்சு?”

“எடை கொறையலன்னா இந்த மாடலையே நிறுத்திடுவாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு, புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்.”

“அதனாலதான் கேக்காமலே என் பேரப் போட்டீங்களா?”

இத்தனை வருடமும் அவர் கண்ணை மூடிக்கொண்டது, எண்கள் அவருக்குத் தோதாக வந்ததால்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மதியமே விரிசல் விட்ட படிகளையும் நோட்டையும் தரக்குழுவின் மேசையில் வைத்தாள். குழுத்தலைவி விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஆர்டரை நிறுத்தச் சொன்னார். ரிவெட் விழும் இடத்தில் மட்டும் தகட்டைத் தடிப்பாக்கி, மறுபடி நாற்பது ஏணிகளைச் சோதித்தார்கள். ஒன்றில்கூட விரிசல் விழவில்லை, எடையும் குறைந்திருந்தது. அந்த நான்கையும் மறைக்காமல் அத்தான் உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே இது கிடைத்திருக்கும். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள்.

“வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாமில்ல? உன் பேரப் போடலாமான்னு அவரு எங்கிட்டதான் கேட்டாரு. அவ ஒண்ணும் சொல்லமாட்டா, போடுங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

அக்கா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். இவள் போனை வைத்தாள்.